சாம்பியன் மேல் எடைப் பிரிவுக்கு ஏறலாமா? குத்துச்சண்டை எடை மாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன் பிரிவில் பட்டம் வென்றவர் அடுத்த பிரிவுக்கு ஏற வேண்டுமா, இருக்கும் இடத்திலேயே பட்டத்தைக் காத்துக்கொண்டிருக்க வேண்டுமா? குத்துச்சண்டை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஏறலாம். ஆனால் ஏறச் சொல்ல வேண்டியது தராசுதான். எதிராளியின் பெயரோ, மேடைக்குக் கிடைக்கும் பணமோ சொல்லி ஏறினால் பெரும்பாலும் அடி வாங்கித்தான் இறங்க வேண்டியிருக்கும்.

மொத்தம் எத்தனை பிரிவுகள்? இடைவெளி எவ்வளவு?

ஆண்கள் தொழில்முறை குத்துச்சண்டையில் 17 பிரிவுகள் பொதுவாக ஏற்கப்பட்டவை. அவற்றின் உச்ச வரம்பு, பவுண்டில்: 105, 108, 112, 115, 118, 122, 126, 130, 135, 140, 147, 154, 160, 168, 175, 200. அதற்கு மேலே போனால் ஹெவிவெயிட். அங்கே வரம்பே கிடையாது. உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி 2020இல் 224 பவுண்டு வரம்போடு பிரிட்ஜர்வெயிட் என்று ஒன்றைச் சேர்த்தது. கிலோவில் வேண்டுமானால் 0.4536ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: வெல்டர்வெயிட்டின் 147 பவுண்டு 66.7 கிலோ, மிடில்வெயிட்டின் 160 பவுண்டு 72.6 கிலோ.

பவுண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். சதவீதத்தைப் பாருங்கள். 115இலிருந்து 118க்குப் போவது 2.6 சதவீதம். 135இலிருந்து 140க்கு 3.7. 140இலிருந்து 147க்கும் 160இலிருந்து 168க்கும் 5 சதவீதம். 175இலிருந்து 200க்கு 14.3 சதவீதம்! சிறிய பிரிவுகளில் நான்கைந்து பட்டம் வென்றவர்கள் அதிகமாகவும், லைட் ஹெவிவெயிட்டிலிருந்து மேலே போய் வென்றவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலும் இருப்பதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

சாம்பியன் ஏன் ஏற வேண்டும்? வென்ற இடத்திலேயே இருக்கக் கூடாதா?

இருக்கலாம். மார்வின் ஹாக்லர் 1980 முதல் 1987 வரை மிடில்வெயிட் சாம்பியனாக இருந்தார், மேலே ஏறவே இல்லை. அவர் உடல் 160 பவுண்டில் இயல்பாக நின்றது, சவால் விடவும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இந்த இரண்டும் இருக்கும்வரை ஏறுவதற்கு அவசியம் இல்லை.

ஏறுவதற்கு நியாயமான காரணங்கள் இரண்டுதான். ஒன்று, உடல் வளர்ந்துவிட்டது. இருபது வயதில் எட்டிய வரம்பை இருபத்தெட்டு வயதில் எட்ட உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு, அந்தப் பிரிவில் வெல்ல வேண்டியவர்களை எல்லாம் வென்றாயிற்று. நவோயா இனோவே 2022 டிசம்பரில் 118 பவுண்டு பேண்டம்வெயிட்டில் நான்கு அமைப்புகளின் பட்டங்களையும், அதாவது நான்கு பெல்ட்டுகளையும், சேர்த்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே 122க்கு ஏறினார். சுமார் ஓராண்டில், 2023 டிசம்பரில், அங்கேயும் நான்கையும் வென்றார். இது முறையான ஏற்றம்.

பெரிய பெயருள்ள ஒருவரோடு மோதினால் நல்ல தொகை கிடைக்கும் என்பது மூன்றாவது காரணமாகச் சொல்லப்படும். அது வீரரின் பிழைப்பு சம்பந்தப்பட்டது, குறை சொல்ல மாட்டோம். ஆனால் தொகைக்காக ஏறுகிறவர் வேறொருவர் குறித்த நாளில், வேறொருவர் குறித்த எடையில் ஏறுகிறார். தயாராக நேரம் இருக்காது. விபரீதங்கள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன.

உடல் பிரிவைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டபிள்யூபிசி பட்டப் போட்டிகளுக்கு முன்கூட்டியே எடை பார்க்கும் விதி இருக்கிறது: 30 நாள் முன்பு வரம்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 7 நாள் முன்பு 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. எந்த அமைப்பின் பெல்ட்டுக்கு மோதினாலும் இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது. வெல்டர்வெயிட்டுக்குக் கணக்குப் போட்டால் 30ஆம் நாளில் 161.7 பவுண்டு, 7ஆம் நாளில் 154.3 பவுண்டு. வயிறாரச் சாப்பிட்டு, முழுப் பயிற்சி செய்துகொண்டே இந்த இரண்டு இலக்கையும் தொட முடிகிறதா? முடிந்தால் அந்தப் பிரிவு இன்னும் அவருடையதுதான். 30ஆம் நாள் இலக்கையே பட்டினி கிடந்துதான் தொடுகிறார் என்றால், உடல் அடுத்த பிரிவுக்குப் போய்விட்டது; ஆள் மட்டும்தான் இன்னும் போகவில்லை.

தராசைத் தவிர வேறு அடையாளங்களும் உண்டு. கடைசி மூன்று நாளில் வியர்வை வற்றிவிடும். சானாவில் உட்கார்ந்தாலும் தராசு அசையாது. எடை பார்த்து முடித்து மறுநாள் ரிங்கில் ஏறினால் முதல் நான்கு ரவுண்டு பிரமாதமாகப் போகும், ஐந்தாவதில் கால் கல்லாகிவிடும். கெண்டைக்காலும் தொடையும் பிடித்துக்கொள்ளும். காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட நிமிடத்துக்கு எட்டு பத்து கூடுதலாக, வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். ஸ்பாரிங் எனப்படும் பயிற்சிச் சண்டையில் முன்பு சட்டை செய்யாத அடிக்கெல்லாம் தடுமாறுவார். இந்தக் கடைசி அடையாளத்தைக் கண்டால் உடனே நிறுத்த வேண்டும். நீர் வற்றிய உடலோடு தலையில் அடி வாங்குவதைவிட ஆபத்தானது இந்த விளையாட்டில் இல்லை.

ஏறுவதென்றால் உடம்பை ஏற்ற வேண்டும், தசையைக் கூட்ட வேண்டும் என்கிறார்களே?

பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

சாதாரண நாளில் 165 பவுண்டு இருக்கும் ஒருவர் 147க்கு இறங்கிச் சண்டையிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 154க்கு ஏறுவதற்கு ஒரு பவுண்டுகூடக் கூட்ட வேண்டியதில்லை. 18 பவுண்டு குறைத்துக்கொண்டிருந்தவர் இனி 11 பவுண்டு குறைத்தால் போதும். அவருக்கு ஏற்றம் என்பது குறைப்பைக் குறைப்பதுதான். இப்படி ஏறுகிறவர்கள் புது உயிர் வந்ததுபோல ஆடுவார்கள். உடல் மாறியிருக்காது, நீரும் சர்க்கரைச் சத்தும் தசையில் தங்கியிருக்கும், அவ்வளவுதான். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் (சேமித்த சர்க்கரைச் சத்து) சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்தாவது ரவுண்டில் கை ஓங்க வைப்பது அதுதான்.

சாதாரண நாளிலேயே 152 பவுண்டு மட்டும் இருப்பவர் 154க்கு ஏறினால் கதை வேறு. அவர் எதிரே நிற்பவர், முந்தின நாள் எடை பார்த்த பிறகு நீரும் உணவும் ஏற்றிக்கொண்டு, ரிங்கில் ஏறும்போது 168 பவுண்டு இருக்கக்கூடும். இவர் உண்மையிலேயே தசை சேர்க்க வேண்டும். பல ஆண்டு பயிற்சி செய்த உடலில் நல்ல தசை வாரத்துக்கு 200 முதல் 300 கிராமுக்கு மேல் ஏறுவது கடினம். 7 பவுண்டு என்பது 3.2 கிலோ, ஆகவே மூன்று மாதத்துக்குக் குறையாது, நான்கு மாதம் வைத்துக்கொள்வது உத்தமம். தினச் செலவைவிட 300 முதல் 500 கலோரி அதிகம் சாப்பிட வேண்டும். புரதம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம், நாலைந்து வேளையாகப் பிரித்து. பளு தூக்கும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள்: டெட்லிஃப்ட், ஸ்குவாட், புல்அப், ரோயிங் போன்றவை, 3 முதல் 6 முறை வீதம் கனமாக. நெஞ்சையும் புஜத்தையும் பெருக்கும் பாடிபில்டிங் பயிற்சி வேண்டாம். குத்து பிறப்பது காலிலும் இடுப்பிலும். தோளில் சேரும் வீண் தசை பன்னிரண்டு ரவுண்டும் சுமக்க வேண்டிய மூட்டை. எதிராளி கிளிஞ்ச்சில், அதாவது கட்டிப்பிடிப்பில், சாயும்போது தாங்க வேண்டிய கழுத்துக்கும் முதுகுக்கும் தனிப் பயிற்சி கட்டாயம்.

ஒவ்வொரு வாரமும் மூன்றைச் சோதியுங்கள்: எடை, 30 விநாடியில் மணல் பையில் விழும் குத்துகளின் எண்ணிக்கை, மூன்று நிமிட ரவுண்டு முடிந்து ஒரு நிமிட ஓய்வில் நாடித்துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பது. எடை ஏற ஏற மற்ற இரண்டும் கெட்டால் ஏறுவது தசை இல்லை. வேகத்தைக் குறைத்து, உணவைத் திருத்துங்கள்.

ஒரு பிரிவைத் தாண்டி, இரண்டு பிரிவு மேலே ஒரேயடியாகப் போகலாமா?

போய் வென்றவர்கள் இருக்கிறார்கள். டெரன்ஸ் க்ராஃபோர்ட் 2024 ஆகஸ்டில் 154 பவுண்டில் சண்டையிட்டார். 2025 செப்டம்பரில் 168 பவுண்டில் கனெலோ ஆல்வரெஸை வென்று அந்தப் பிரிவின் நான்கு பெல்ட்டுகளையும் எடுத்தார். நடுவர்கள் 116-112, 115-113, 115-113 என்று தீர்ப்பளித்தார்கள். 160ஐ அவர் தொடவே இல்லை. ஆனால் அந்த இரண்டு போட்டிகளுக்கும் இடையே 13 மாதம் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மறுபக்கத்தில் கெல் ப்ரூக். 147 பவுண்டு சாம்பியனாக இருந்தவர் 2016 செப்டம்பரில் நேராக 160க்குப் போய் கென்னடி கோலோவ்கினைச் சந்தித்தார். சதவீதத்தில் பார்த்தால் 8.8. போட்டி அறிவிக்கப்பட்டதற்கும் நடந்ததற்கும் இடையே சுமார் இரண்டு மாதம். கைவேகம் இருந்தது, அழகாகவே குத்தினார். ஆனால் அவர் குத்து கோலோவ்கினை ஓரடிகூடப் பின்னால் தள்ளவில்லை. ஐந்தாவது ரவுண்டில் அவர் கார்னரில் இருந்த பயிற்சிக் குழு துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டது. வலது கண்குழி எலும்பு உடைந்திருந்தது. எட்டு மாதம் கழித்து 147க்கே திரும்பி எரல் ஸ்பென்ஸோடு மோதியபோது இடது கண்குழியும் உடைந்து பட்டமும் போயிற்று. ஏறியதன் விலையை இறங்கி வந்த பிறகும் கட்டினார்.

அதே ஆண்டு மே மாதம் அமீர் கான் 147இலிருந்து, இரு தரப்பும் பேசி முடிவு செய்த எடையான 155 பவுண்டு கேட்ச்வெயிட்டுக்கு ஏறி கனெலோவைச் சந்தித்தார். முதல் ஐந்து ரவுண்டு வேகத்தால் திணறடித்தார். ஆறாவதில் ஒரே வலது கைக் குத்து, ஆட்டம் முடிந்தது. வேகம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அந்த ஆறாவது ரவுண்டைப் பார்க்க வேண்டும். மேல் பிரிவில் ஒரு தவறுக்கு மேல் செய்ய அவகாசம் கிடைக்காது.

பழைய பிரிவில் நாக் அவுட் செய்தவர் மேலேயும் செய்வாரா?

எல்லோரும் செய்வதில்லை. குத்தின் வலுவில் எடைக்குப் பங்குண்டு; நேரத்துக்கும் கோணத்துக்கும் அதைவிடப் பெரிய பங்குண்டு. எடையை நம்பிக் குத்தியவர் மேலே போனால் சாதாரண ஆளாகிவிடுவார். எதிராளி பார்க்காத கோணத்தில் குத்துபவர் தன் வலுவையும் கூடவே கொண்டுபோவார். மானி பக்கியாவ் அப்படிப்பட்டவர். 1998இல் 112 பவுண்டில் முதல் உலகப் பட்டம் வென்றார், 2010 நவம்பரில் 154 பவுண்டுப் பட்டத்தை வென்று எட்டாவது பிரிவில் சாம்பியன் ஆனார். அந்த எட்டாவது பட்டப் போட்டி 150 பவுண்டு கேட்ச்வெயிட்டில் நடந்தது. எடை பார்த்தபோது பக்கியாவ் 144.6, அந்தோனியோ மார்கரீட்டோ 150. மறுநாள் ரிங்கில் ஏறும்போது 148க்கு 165! 17 பவுண்டு வித்தியாசம். உள்ளே நுழைந்து நாலைந்து குத்து, பக்கவாட்டில் ஒரு அடி, எதிராளி திரும்புவதற்குள் வேறு கோணம். மார்கரீட்டோவின் கண்குழி எலும்பு உடைந்தது.

இன்னொன்று, கையுறை. பொது வழக்கில் 147 பவுண்டு வரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10 அவுன்ஸ். ஆக வெல்டரிலிருந்து மேலே போகும் அந்த ஒரு படியில் மட்டும் கையுறையும் மாறுகிறது. 2 அவுன்ஸ் என்பது 57 கிராம்தான். 600 குத்து வீசும்போது தோளுக்குத் தெரியும். பஞ்சு கூடுவதால் அடியின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். பயிற்சியின் கடைசி ஆறு வாரம், பயிற்சியாளர் கையில் பிடிக்கும் மெத்தையில் குத்தும் மிட்ஸ் பயிற்சியை 10 அவுன்ஸிலேயே செய்து பழக வேண்டும்.

கை எலும்பையும் மறக்காதீர்கள். பெரிய தலையில், பெரிய முழங்கையில் பட்டால் கை உடையும். 122 பவுண்டு சாம்பியன் கியெர்மோ ரிகண்டோ 2017 டிசம்பரில் 130க்கு ஏறி அந்தப் பிரிவின் சாம்பியன் வாசில் லொமசென்கோவைச் சந்தித்தபோது ஆறு ரவுண்டு முடிந்ததும் கைக் காயத்தைச் சொல்லி விலகிக்கொண்டார்.

அடி தாங்கும் திறன் எடையோடு கூடுமா?

தாடை வளராது. கழுத்துத் தசை கூடினால் தலை ஆடுவது கொஞ்சம் குறையும், உடலில் நீர் இருந்தால் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். லொமசென்கோ 2018 மே மாதம் 135க்கு ஏறிய முதல் போட்டியிலேயே ஆறாவது ரவுண்டில் ஹார்ஹே லினாரெஸிடம் விழுந்தார், பிறகு பத்தாவதில் வென்றார். இனோவே 108, 115, 118 பவுண்டுப் பட்டங்களை வென்றபோதெல்லாம் ஒருமுறைகூட விழாதவர். 122இல் 2024 மே மாதம் லூயிஸ் நேரியிடம் முதல் ரவுண்டிலும், 2025 மே மாதம் ரமோன் கார்டெனஸிடம் இரண்டாவது ரவுண்டிலும் விழுந்தார். இரண்டு முறையும் எழுந்து நாக் அவுட்டில் வென்றார். இரண்டு முறையும் பக்கவாட்டில் வளைந்து வரும் இடது ஹூக் குத்து. தானே குத்தத் துணிந்து முன்னால் போன நேரத்தில் விழுந்தது. பழைய பிரிவில் அதே அடி விழுந்திருந்தால் ஒரு கணம் தள்ளாடியிருப்பார்.

ஆகவே ஏறுகிறவர் மாற்ற வேண்டிய முதல் பழக்கம் இது: குத்திவிட்டு நின்று பார்க்கக்கூடாது. குத்திய கை கன்னத்துக்குத் திரும்பும்வரை அந்தக் குத்து முடியவில்லை.

ஸ்பாரிங்கில் எப்படித் தயார் செய்வது?

மூன்று வகை ஆட்கள் வேண்டும். புதிய பிரிவில் ரிங் எடைக்கு இணையான ஒருவர். உயரமும் ரீச்சும் (கை நீட்டும் தூரம்) கூடிய ஒருவர். சும்மா சாய்ந்து, தள்ளி, கிளிஞ்ச்சில் முழு எடையையும் போடும் ஒருவர். மூன்றாமவரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேல் பிரிவில் சக்தியைத் தின்பது அடியைவிட இந்தச் சாய்வுதான். சுகர் ரே ராபின்சன் 1952 ஜூனில் ஜோயி மேக்சிமை லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்குச் சந்தித்தார், எடை 157.5க்கு 173. புள்ளிகளில் முன்னிலையில் இருந்தார். 104 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் நடுவரே பாதியில் மாற்றப்பட்டார். பதின்மூன்று ரவுண்டு முடிந்து ராபின்சன் ஸ்டூலைவிட்டு எழ முடியவில்லை. வெப்பம் இருவருக்கும் ஒன்றுதான்; பெரிய உடலைச் சுமந்தவர் ஒருவர்தான்.

சாய்வுப் பயிற்சி இப்படி: கனமான ஆள் கழுத்தின் மேல் கை போட்டுச் சாய வேண்டும். நீங்கள் முன்னங்கையை அவர் புஜத்துக்கு உள்பக்கம் நுழைத்து, தலையை அவர் தாடைக்குக் கீழே வைத்து, காலை மாற்றி வெளியே திரும்ப வேண்டும். 30 விநாடி செய்து 30 விநாடி விட்டு, மூன்று நிமிடம். நான்கு ரவுண்டு. தள்ளப் பார்க்கக்கூடாது, கனமானவரைத் தள்ள முயன்றால் நம் தோள்தான் போகும்.

16 அவுன்ஸ் கையுறை, தலைக்கவசம். கனமானவர்களோடு வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். போட்டிக்குப் பத்து நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

ஏறியதும் நேராகப் பட்டப் போட்டியா, ஒரு வெள்ளோட்டமா?

வெள்ளோட்டம். இதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

ஒலெக்சாண்டர் உசிக் செய்ததைக் கவனியுங்கள். 2018இல் 200 பவுண்டு க்ரூஸர்வெயிட்டின் நான்கு பெல்ட்டும் அவரிடம். 2019 அக்டோபரில் முதல் ஹெவிவெயிட் போட்டி, 215 பவுண்டில். எதிரில் சாஸ் விதர்ஸ்பூன். பெரிய உடல், பெரிய ஆபத்து இல்லை. 2020 அக்டோபரில் டெரிக் சிசோரா, 217க்கு 255. விடாமல் நெருங்கி மேலே சாயும் ஆள். வேண்டிய சோதனை அதுதான். 2021 செப்டம்பரில் ஆந்தனி ஜோஷுவா, 221க்கு 240, பட்டம் வந்தது. 2024 மே மாதம் டைசன் ஃபியூரியை வென்று நான்கு பெல்ட்டும். மூன்றாண்டில் கூடியது இருபது பவுண்டு சொச்சம். கால் ஓட்டம் கொஞ்சமும் குறையவில்லை. இதைவிடச் சரியாக ஏறியவர் எங்கள் பார்வையில் யாரும் இல்லை.

அவசரமாக ஏறியும் வென்றவர் மைக்கேல் ஸ்பிங்க்ஸ். 1985 ஜூனில் 175 பவுண்டில் பட்டத்தைக் காத்தவர், அதே செப்டம்பரில் சுமார் 200 பவுண்டில் லாரி ஹோம்ஸை வென்றார்; லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்து ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் ஆள். அவருக்கு முன் பில்லி கான், ஆர்ச்சி மூர், பாப் ஃபாஸ்டர் எல்லோரும் முயன்று தோற்றார்கள். ஸ்பிங்க்ஸும் 1988இல் மைக் டைசனிடம் 91 விநாடியில் விழுந்தார்.

பெல்ட் என்ன ஆகும்?

ஒரு அமைப்பின் பட்டத்தை ஒரு பிரிவில்தான் வைத்திருக்க முடியும் என்பது பொது நடைமுறை. மேலே பட்டம் வென்றால் எதை வைத்துக்கொள்கிறார் என்று குறித்த நாளுக்குள் சொல்ல வேண்டும். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1938இல் ஃபெதர் (126), லைட் (135), வெல்டர் (147) மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தது அந்தக் காலத்து விதி.

இன்னொரு பட்ட அமைப்பான டபிள்யூபிஓவில் ஒரு வசதி உண்டு: சூப்பர் சாம்பியன் தகுதி பெற்றவர் பிரிவு மாறினால் அங்கே கட்டாயச் சவாலாளர் (சாம்பியன் மோதியே ஆக வேண்டியவர்) இடத்தைக் கேட்கலாம். உசிக் ஜோஷுவாவை எட்டியது அந்த வழியில்தான். ஆகவே ஏறும் எண்ணம் இருந்தால் பட்டத்தைத் துறக்கும் முன் வழக்கறிஞரை வைத்து விதிப் புத்தகத்தைப் படியுங்கள். துறந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

கேட்ச்வெயிட் ஒப்பந்தம் நல்லதா?

ஏறுகிறவருக்கு நல்லது, இறங்குகிறவருக்குக் கெட்டது. ஒப்பந்தத்தில் எடை பார்க்கும் நேரம், வரம்பைத் தாண்டினால் பவுண்டுக்கு எவ்வளவு அபராதம், போட்டி நாள் காலையில் மறுபடி எடை உண்டா, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஐபிஎஃப் அமைப்பின் பட்டப் போட்டிகளில் மறுநாள் காலையும் எடை பார்ப்பார்கள், வரம்புக்கு மேல் 10 பவுண்டு வரைதான் அனுமதி. சிறியவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது, கேட்டு வாங்குங்கள்.

எடை பார்த்த பிறகு என்ன சாப்பிடுவது?

மேலே ஏறியவருக்கு இது எளிது, குறைத்தது கொஞ்சம்தானே. குறைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர், உப்பு சேர்த்து, மணிக்கு முக்கால் லிட்டர் வேகத்தில். ஒரே மூச்சில் குடித்தால் வயிறு உப்பும், பாதி சிறுநீராகப் போய்விடும். அடுத்த 24 மணி நேரத்தில் மாவுச்சத்து உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 10 கிராம். நார்ச்சத்தும் எண்ணெயும் குறைவாக. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவது, 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டரைத் தாண்டினால், ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி குற்றம்.

எதிராளியைப் போலத் தானும் பருக்க வேண்டும் என்று திணித்துத் தின்பது கூடாது. பக்கியாவ் கூட்டியது மூன்றரைப் பவுண்டுதான்.

பெண்களுக்கும் அமெச்சூர் வீரர்களுக்கும் இதே கணக்கா?

பெண்கள் பட்டப் போட்டி பொதுவாக 10 ரவுண்டு, ரவுண்டுக்கு 2 நிமிடம். மொத்தம் 20 நிமிடம், ஆண்களுக்கு 36. பெரிய உடலைச் சுமக்கும் நேரம் குறைவு என்பதால் ஏறுவது ஓரளவு எளிது. கேட்டி டெய்லர் 2023 மே மாதம் 140க்கு ஏறி ஷாண்டெல் கேமரனிடம் தோற்றார். அதே நவம்பரில் அதே எடையில் திரும்பி வென்றார். முதல் தோல்வியைப் பார்த்து இறங்கியிருந்தால் அந்தப் பட்டம் இல்லை.

அமெச்சூரில் போட்டி உள்ள ஒவ்வொரு நாள் காலையும் எடை பார்ப்பார்கள். நீரை வற்றவைத்து மீண்டும் ஏற்ற நேரம் கிடையாது. ஆகவே இயல்பு எடைக்கு அருகில் உள்ள பிரிவுதான் சரி. லவ்லினா போர்கோஹெய்ன் டோக்கியோ ஒலிம்பிக்கில் 69 கிலோவில் வெண்கலம் வென்றவர். பாரிஸுக்கு அந்தப் பிரிவு எடுக்கப்பட்டு 66 அல்லது 75 என்று ஆனது. 3 கிலோ இறங்குவதா, 6 கிலோ ஏறுவதா? உயரமானவர், ஏறினார், 2023 உலகச் சாம்பியன்ஷிப்பில் 75 கிலோ தங்கம் வென்றார்.

எப்போது ஏறவே கூடாது?

கண், கை அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகாதபோது. நாக் அவுட்டில் தோற்ற அடுத்த போட்டியில். எடைக் குறைப்பில் ஒழுங்கு இல்லாமல் தவறிவிட்டு, அதை மறைக்க. உயரமும் ரீச்சும் புதிய பிரிவின் சாம்பியனைவிட நாலைந்து அங்குலம் குறைந்து, உள்ளே நுழைந்து ஆடும் பழக்கமும் இல்லாதபோது.

கனெலோ உள்ளே நுழையத் தெரிந்தவர். 2019இல் 175க்கு ஏறி செர்கே கோவலேவை நாக் அவுட் செய்தார். 2022 மே மாதம் அதே எடையில் டிமிட்ரி பிவோலிடம் மூன்று நடுவர்களின் தீர்ப்பிலும் 115-113 என்று தோற்றார். தலைக்குப் போன குத்தையெல்லாம் பிவோல் கையில் வாங்கிக்கொண்டார். போட்டி முடிந்தபோது பிவோலின் புஜம் கன்றிச் சிவந்திருந்தது, நிலை குலையவில்லை. 168இல் அந்தக் குத்துகளே கையைக் கீழே இறக்கியிருக்கும்.

ஏறி வென்றாயிற்று. திரும்ப இறங்கலாமா?

ஏறுவதைவிட இது ஆபத்து. ராய் ஜோன்ஸ் ஜூனியர் 2003 மார்ச்சில் 193 பவுண்டில் ஜான் ரூயிஸைப் புள்ளிகளில் வென்று ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார், எதிராளி 226. எட்டே மாதத்தில், நவம்பரில், 175க்கு இறங்கி அந்தோனியோ டார்வரைச் சந்தித்தார். போனது நீரில்லை, கட்டிய தசை. கஷ்டப்பட்டு வென்றார். 2004 மே மாதம் இரண்டாவது ரவுண்டில் டார்வர் அவரை வீழ்த்தினார், செப்டம்பரில் க்ளென் ஜான்சன் ஒன்பதாவதில். அதுவரை அவர் கணக்கில் இருந்த ஒரே தோல்வி தகுதி நீக்கத்தால் வந்தது. வயதும் அப்போது 35. எல்லாவற்றையும் எடையின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் 18 பவுண்டு இறங்கியதற்குப் பங்கு இருக்கிறது.

இறங்கியே ஆக வேண்டும் என்றால் வாரத்துக்கு ஒரு பவுண்டு, அதற்கு மேல் கூடாது. கனமான பளுப் பயிற்சியை வாரத்துக்கு ஒரு நாளாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். புரதத்தைக் குறைக்காதீர்கள். பழைய பிரிவின் 10 சதவீத எல்லையைத் தொட்ட பிறகே போட்டிக்குத் தேதி கொடுங்கள். திரும்பி வரும் முதல் போட்டி பத்து ரவுண்டாக இருக்கட்டும், பட்டம் இல்லாமல்.